குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை: வலியைக் குறைக்க என்னென்ன செய்யலாம்?

ஒரு இளம் அப்பா கேட்டிருக்கிறார். அவருடைய மகள் 30 வாரத்தில், 1,300 கிராம் எடையில் பிறந்திருக்கிறாள். இன்னும் என்.ஐ.சி.யூ.வில்தான் இருக்கிறாள். அடுத்த வாரம் ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு) கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது முகத்தைச் சுளித்து, சத்தமே வராமல் வாயைத் திறந்து, உதடு நீலமானதை அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அவர் கேட்பவை: குழந்தைக்கு அது நிஜமாகவே வலியா, வெறும் அனிச்சையான அசைவா? கண்ணைப் பார்க்கும்போது இதைவிட வலிக்குமா? மயக்க மருந்து கொடுக்கச் சொல்லலாமா? நாங்கள் உள்ளே இருந்து ஏதாவது செய்ய முடியுமா, இல்லை வெளியே நிற்பதுதான் நல்லதா?

நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்தவள். முதலில் நேரடியான பதில்: வலிக்கும். கண் பரிசோதனை, சின்னக் குழந்தைகளுக்கு நாங்கள் செய்கிறவற்றிலேயே கஷ்டமான ஒன்று. ஆனாலும் அதைத் தள்ளிப்போடவே கூடாது. வலியை முழுசாக இல்லாமல் செய்ய முடியாது, நிறையக் குறைக்கலாம். குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. ஆனால் அவை எல்லாமே பரிசோதனைக்கு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டியவை. குழந்தை அழுதபிறகு தூக்கிச் சமாதானப்படுத்துவது பாதி வேலைதான். அப்புறம், நீங்கள் வெளியே நிற்க வேண்டாம்.

"இவ்வளவு சின்னதுக்கு என்ன வலி தெரியப்போகிறது" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1980கள் வரை டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1985-ல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்தையொட்டிய ரத்தக்குழாயை மூடும் ஆபரேஷன் நடந்தது. உடம்பு அசையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள், வலி தெரியாமலிருக்க எதுவும் கொடுக்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. விஷயம் பிறகுதான் அந்த அம்மாவுக்குத் தெரியவந்தது. அவர் அதை விடாமல் எழுதிக் கேட்டதில் 1986-ல் பத்திரிகைகளுக்கு வந்து பெரிய விவாதமானது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற டாக்டர், இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டுப் போனவர், இதே ஆபரேஷனுக்கு வரும் குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு வழக்கமான மருந்தோடு ஃபென்டனில் என்ற வலி நிவாரணியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடம்பில் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் அவ்வளவு ஏறவில்லை, ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைவாக இருந்தன. 1987-ல் அது வெளியான பிறகு, பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று யாரும் தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னால், குறைமாதக் குழந்தைக்கு நம்மைவிட அதிகமாகவே வலிக்க வாய்ப்புண்டு. தோலிலிருந்து மூளைக்கு வலியைக் கொண்டுபோகும் நரம்புப்பாதை 25 வாரத்தை ஒட்டியே வேலை செய்கிறது. அந்த வாரக் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தும்போது மூளையின் மேற்பரப்பிலேயே மாற்றம் தெரிவதை லண்டனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூளையிலிருந்து கீழே வந்து "போதும்" என்று வலியை மட்டுப்படுத்தும் பாதை மெதுவாகத்தான் வளரும். கதவு திறந்திருக்கிறது, தாழ்ப்பாள் இன்னும் பொருத்தவில்லை, அவ்வளவுதான் நிலைமை. அதனால்தான் திரும்பத் திரும்பக் குத்திய குதிகாலை, பிறகு சும்மா தொட்டால்கூடக் குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது.

நீங்கள் பார்த்த அந்தச் சத்தமில்லாத அழுகையைப் பற்றி. வென்டிலேட்டர் குழாய் உள்ளே இருந்தால் சத்தம் வராது. குழாய் இல்லாவிட்டாலும் 28, 30 வாரக் குழந்தைக்கு ஓங்கி அழத் தெம்பு இருக்காது. ஆகவே நாங்கள் அழுகையை நம்புவதில்லை, முகத்தைத்தான் பார்ப்போம். புருவத்துக்கு நடுவில் ஒரு மேடு எழும்பும். கண் இறுக மூடும். மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டோரம் வரைக்கும் கோடு ஆழமாகும். மானிட்டரில் இதயத்துடிப்பு ஏறும், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, இறங்கும். இந்த ஐந்தோடு குழந்தையின் வாரக் கணக்கு, அப்போது விழித்திருந்ததா தூங்கிக்கொண்டிருந்ததா என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிற அளவுகோல் ஒன்று 1996-லிருந்து இருக்கிறது. கனடாவில் பானி ஸ்டீவன்ஸ் குழு உருவாக்கியது, பி.ஐ.பி.பி. என்பார்கள். வாரம் குறைந்த குழந்தைக்கு அதில் கூடுதல் மதிப்பெண் கொடுப்பார்கள், ஏனென்றால் அந்தக் குழந்தையால் வலியைக் காட்டவே முடியாது. ஒரே நாளில் பல தடவை குத்தப்பட்ட குழந்தை சில சமயம் எதுவுமே காட்டாது. கை கால் தொய்ந்து, முகம் வெறிச்சென்று கிடக்கும். "சமத்தாப் படுத்திருக்கு" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமத்தைப் பார்த்தால்தான் பயம்.

எத்தனை தடவை என்பதற்கும் கணக்கிருக்கிறது. 2005–06-ல் பாரிஸ் வட்டாரத்தில் 13 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்தார்கள். முதல் 14 நாளுக்குள், வலி தரும் செயல்கள் நடுத்தரமாக ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 10. இவற்றில் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவானவை, அந்தச் செயலுக்கென்று வலியைக் குறைக்க எதுவும் செய்யாமலே நடந்தன. அதுவும் வசதியான ஒரு நாட்டில். நர்ஸ்கள் இரக்கமில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசியை எடுத்துவருவதைப் போல, வலியைக் குறைக்கும் இனிப்பு நீரை எடுத்துவருவது வழக்கமாகவில்லை, அதுதான் காரணம்.

சரி, கண் பரிசோதனைக்கு வருவோம். முதலில் ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பது. விழித்திரையின் ரத்தநாளங்கள் கர்ப்பத்தின் 16-ஆவது வாரத்தை ஒட்டி நடுவிலிருந்து வளர ஆரம்பித்து, மாதம் நிறையும் சமயத்தில்தான் ஓரம் வரைக்கும் போய்ச் சேரும். முன்னாலேயே பிறந்த குழந்தைக்கு இந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது, அப்புறம் தாறுமாறாக வளர்கிறது. அதுதான் ஆர்.ஓ.பி. முற்றினால் விழித்திரை பிய்ந்து பார்வை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. நம் நாட்டு வழிகாட்டுதல்படி 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கும் பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை ஆகிவிட வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. மேல்நாடுகளில் இந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது. இங்கே கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் இது வருகிறது என்பதால்தான் நம் எல்லை உயரம். உங்கள் மகளுக்கு வாரமும் எடையும் இரண்டுமே உள்ளே வருகின்றன. வலிக்குமே என்று பயந்து ஒரு வாரம் தள்ளுவது மட்டும் வேண்டாம்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் உங்களுக்குப் பதற்றம் குறையும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாலிருந்து, பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளியில், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். அப்புறம் டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸோடு வருவார். சில இடங்களில் கேமரா வைத்துப் படம் எடுப்பார்கள். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பிக் கருவியை வைப்பார்கள், ஸ்பெகுலம் என்று பெயர். ஓரத்தைப் பார்ப்பதற்காகக் கண்விழியின் பக்கவாட்டில் இன்னொரு கருவியால் லேசாக அழுத்தித் திருப்புவார்கள். குழந்தை துடிப்பது முக்கியமாக ஸ்பெகுலம் போடும் அந்த நிமிஷத்திலும் இப்படி அழுத்தும்போதும்தான். கண்ணை அழுத்தினால் இதயத்துடிப்பு திடீரென்று குறையக்கூடும். மூச்சை நிறுத்திக்கொள்வதும் உண்டு. மானிட்டர் இல்லாமல் இந்தப் பரிசோதனை நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் ஆக்ஸிஜனும், மூச்சுக் கொடுக்கும் பேக்-மாஸ்க்கும் தயாராக இருக்க வேண்டும்.

சொட்டு மருந்திலேயே ஒரு விஷயம் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. ஃபினைல்எஃப்ரின் 2.5 சதவீதம், ட்ராபிகமைடு 0.5 சதவீதம் என்பதுதான் சின்னக் குழந்தைக்குச் சரியான பலம். பெரியவர்களுக்கான 10 சதவீத ஃபினைல்எஃப்ரின் கிட்டேயே வரக்கூடாது, ரத்த அழுத்தம் ஏறிவிடும். பெரியவர்களுக்கான ஒரு சொட்டு 1,300 கிராம் குழந்தையின் கண்ணுக்கு ரொம்பப் பெரிது. வழிந்ததை உடனே பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்துத் தோல் வழியாகவே உள்ளே போகும். ஸ்பெகுலம் போடுவதற்குச் சற்று முன்னால் கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு, ப்ரோபராகெய்ன், கட்டாயம் போட வேண்டும். முதலில் ஒரு நொடி எரியும், அரை நிமிஷத்தில் மரத்துவிடும். ஸ்பெகுலம் தரும் வலியை இது நன்றாகக் குறைக்கிறது. ஆனால் உள்ளே அழுத்துவதன் வேதனைக்கும் வெளிச்சத்தின் கூச்சத்துக்கும் அது போதாது. அதனால்தான் மற்றதெல்லாம் தேவைப்படுகிறது.

மற்றதில் முதலிடம் கைகளுக்கு. மருந்துக்கு முன்னால் நான் கைகளைத்தான் சொல்வேன்.

கர்ப்பப்பைக்குள் குழந்தை கையையும் காலையும் நீட்டினால் சுவர் தடுக்கும், திரும்ப மடங்கும். வெளியே மெத்தையில் மல்லாக்கக் கிடத்தி இரண்டு கையையும் விரித்துப் பிடித்தால் அந்தத் தடுப்பு எதுவும் இல்லை. காற்றில் கையை வீசிக்கொண்டே பதறும். ஆகவே முதல் வேலை சுருட்டிப் பொதிவது. துவைத்து வெயிலில் காயவைத்த மெல்லிய பருத்திப் புடவைத் துண்டு இருந்தால் கொடுங்கள், பல இடங்களில் நாங்களே கேட்டு வாங்குவோம். கால்கள் வயிற்றோடு மடங்கியிருக்க, இரண்டு உள்ளங்கைகளும் தாடைக்குக் கிட்டே நெஞ்சுக்கு மேல் வர, துணியைச் சுற்ற வேண்டும். காலை நீட்டி இறுக்கிக் கட்டுவது தவறு. நெஞ்சு ஏறி இறங்குவது தெரிகிற அளவுக்குத் தளர்வு வேண்டும்.

துணிக்கு மேல் உங்கள் கை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாம் வெளியே. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தலையை நர்ஸ் பிடித்திருப்பார், அதனால் உங்களுக்குக் கீழ்ப்பாதி. ஒரு கை குழந்தையின் மடித்த முழங்காலையும் பாதத்தையும் சேர்த்து ஏந்தட்டும். இன்னொரு கை அதன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கட்டும். இப்போது முக்கியமானது: அசையாதீர்கள். தடவாதீர்கள், தட்டாதீர்கள். பெரிய குழந்தைக்கு இதமான வருடல், 30 வாரக் குழந்தையின் தோலுக்குத் தொந்தரவு. கொஞ்சம் அழுத்தமாக, அசையாமல் வைத்த கைதான் அதற்குப் பிடிக்கும். குழந்தை பாதத்தால் உங்கள் உள்ளங்கையை உதைத்து முட்டுக்கொடுப்பது தெரியும். அது நல்ல அடையாளம், பிடிமானம் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. டாக்டர் முடித்துவிட்டார் என்று உடனே கையை எடுத்துவிடாதீர்கள். மூச்சும் துடிப்பும் பழைய நிலைக்கு வந்த பிறகு முதலில் ஒரு கை, கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. குதிகால் குத்தும்போதும் சளி உறிஞ்சும்போதும் இப்படிப் பிடிப்பது பலன் தருகிறது என்று 1990களிலிருந்தே பல ஆய்வுகள் சொல்கின்றன. ஃபின்லாந்தில் பெற்றோர்களையே பிடிக்கவைத்துப் பார்த்தார்கள், குழந்தைகள் சீக்கிரம் அமைதியானதோடு பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டாவது, இனிப்பு. 24 சதவீத சுக்ரோஸ் கரைசல், சின்னக் குழந்தைக்கு 0.1-லிருந்து 0.5 மில்லி வரை, செயலுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் நாக்கின் நுனியில். நம் ஊரில் அதற்கென்று தயாரித்து வரும் குப்பி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, அதனால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஆம்பியூலை உடைத்துப் பயன்படுத்துவோம். நாக்கில் பட்டால்தான் வேலை செய்யும். டியூப் வழியாக வயிற்றுக்குள் விட்டால் பயனில்லை. இரண்டு நிமிஷம் காத்திருப்பது என்பது வேலை நெருக்கடியில் முதலில் காணாமல் போகிற விஷயம். நாக்கில் விட்ட கையோடு குத்திவிட்டால் கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான்.

சுக்ரோஸை எவ்வளவு நம்பலாம்? ஊசி குத்துதலுக்கு நல்ல சான்று இருக்கிறது. கண் பரிசோதனையில் தனியாகக் கொடுத்தால் பலன் சுமார்தான், சப்புவதும் பொதிவதும் சேர்ந்தால் மேல். 2010-ல் லண்டனில் ஒரு ஆய்வு, சுக்ரோஸ் கொடுத்த குழந்தைகளின் முகச்சுளிப்பு குறைந்தாலும் மூளையில் பதிவாகும் வலி அலை குறையவில்லை என்று சொல்லி எங்களையெல்லாம் உலுக்கிவிட்டது. அதற்குப் பதில் சொன்னவர்களும் உண்டு. நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: இனிப்பு நீர் ஒரு துணை, அதை மட்டும் கொடுத்துவிட்டு கடமை முடிந்தது என்று குத்திக்கொண்டே போகக் கூடாது. 31 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட தடவை கொடுத்தால் நல்லதா என்ற சந்தேகமும் இருக்கிறது. எத்தனை தடவை கொடுத்தோம் என்பதை மருந்து மாதிரியே எழுதிவைக்க வேண்டும்.

பாட்டிமார்களுக்காக ஒரு வார்த்தை. "நாங்கள் சேனை வைத்தால் திட்டினீர்கள், இப்போது நீங்களே சர்க்கரைத் தண்ணீர் விடுகிறீர்களே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இது சில துளி, கிருமி நீக்கப்பட்டது, வலி தரும் ஒரு செயலுக்கு மட்டும், டாக்டர் எழுதிக் கொடுப்பது. பசிக்கோ அழுகைக்கோ இல்லை. வீட்டில் சர்க்கரை கரைத்து ஊட்டுவதும், முக்கியமாகத் தேன் தடவுவதும் ஆபத்து. ஒரு வயது வரைக்கும் தேன் வாசனையே வேண்டாம்.

இனிப்புக்குப் பதிலாக அம்மாவின் பாலையே பயன்படுத்தலாம். மாதம் நிறைந்த குழந்தைக்கு ஊசி போடும்போது மார்பில் பால் குடிக்கவைத்தால் அது சர்க்கரை நீருக்குச் சமமாக, சில ஆய்வுகளில் அதைவிட மேலாக, வலியைக் குறைக்கிறது. உங்கள் மகள் இன்னும் உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்திருக்க மாட்டாள், பாலாடையோ டியூபோதான் இருக்கும். அப்படியென்றால் பிழிந்த பாலில் சில துளியை வாயில் விட்டு, சப்புவதற்குப் பஞ்சோ சுத்தமான கையுறை விரலோ கொடுக்கலாம். சுக்ரோஸ் அளவுக்குப் பலன் இராது, ஆனால் வாசனையும் ருசியும் அவளுக்குப் பழக்கமானவை. கண் பரிசோதனையன்று மட்டும் வயிறு நிறையப் பால் கொடுத்த கையோடு படுக்கவைக்கக் கூடாது. வாந்தியெடுத்துப் புரையேறலாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். அதற்காகப் பட்டினி போடவும் கூடாது, பசித்த குழந்தை இன்னும் மோசமாகத் துடிக்கும்.

கங்காரு கேர், அதாவது குழந்தையை வெற்று மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைப்பது, உங்கள் பிரிவில் செய்கிறார்களா? 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஆரம்பித்த பழக்கம் இது. வலிக்கு இதைவிட நல்ல மருந்து எங்களிடம் குறைவு. கனடாவில் செலஸ்ட் ஜான்ஸ்டன் குழு, அம்மாவின் வெற்று மார்பில் குழந்தையைப் படுக்கவைத்தபடியே குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் 32 வாரத்துக்கு மேற்பட்டவர்கள், பிறகு 28-லிருந்து 32 வாரம் வரை உள்ளவர்கள். வலி மதிப்பெண் குறைந்தது. சின்னவர்களிடமும் துடிப்பு பழைய நிலைக்கு ஒரு நிமிஷத்துக்கும் மேல் சீக்கிரமாகத் திரும்பியது. கண் பரிசோதனையை அம்மா மடியில் வைத்துச் செய்வது டாக்டருக்குச் சிரமம், தலை அசையாமல் இருக்க வேண்டுமே. ஆனால் சொட்டு மருந்து போடும் அந்த ஒரு மணி நேரம் முழுக்கக் குழந்தை மார்பிலேயே இருக்கலாம். முடிந்தவுடனே திரும்ப அங்கேயே போகலாம். அம்மாவுக்கு முடியாவிட்டால் அப்பா. நெஞ்சில் முடி இருக்கிறதே என்றெல்லாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் ஆவோஸ்டாவில், குதிகாலில் குத்தும்போது அம்மாவைக் குழந்தையிடம் பேசச் சொல்லியும் பாடச் சொல்லியும் பார்த்தார்கள். 2021-ல் வெளிவந்த சின்ன ஆய்வு, 20 குழந்தைகள்தான். பேசியபோது வலி மதிப்பெண் இறங்கியது, குழந்தையின் எச்சிலில் ஆக்ஸிடோசின் என்ற பாசப்பிணைப்பு ஹார்மோன் ஏறியது. மெல்லிய குரலில், ஒரே ஆள். பேசும்போது விளையாட்டுக் காட்டுவதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஆட்ட வேண்டாம். குரல், கை, வெளிச்சம், ருசி என்று எல்லாவற்றையும் ஒரே நொடியில் கொட்டினால் அதுவே தாங்காது. குழந்தை கையை அகல விரித்துக் காட்டினால், விக்கினால், முகத்தைத் திருப்பினால், கொஞ்சம் நிறுத்துங்கள்.

மயக்க மருந்து கேட்கலாமா என்றீர்கள். சாதாரண பரிசோதனைக்கு வேண்டாம். இதை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில், இந்தக் கண் பரிசோதனைக்கு முன்னால் வாய்வழியாக மார்ஃபின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. மார்ஃபின் கொடுத்த குழந்தைகளில் மூச்சுத் திணறலும் மூச்சு நிற்பதும் அதிகமானதால், 156 பேரை எதிர்பார்த்து ஆரம்பித்ததை 31 பேரோடு நிறுத்திவிட்டார்கள். வலி குறைந்ததற்கும் அடையாளமில்லை. பாரசிட்டமாலும் குதிகால் குத்தும் வலிக்கு உதவுவதில்லை. பெரியவர்களுக்கு வேலை செய்யும் மருந்து சின்ன உடம்பிலும் அப்படியே வேலை செய்யும் என்று நினைக்க முடியாது.

குதிகால் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் கண் பரிசோதனை எப்போதாவது, இது அடிக்கடி. குத்துவதைவிடப் பிதுக்குவதுதான் அதிகம் வலிக்கும். ஸ்பிரிங் வைத்துத் தானாகக் குத்தும் லான்செட், சாதாரண ஊசியைவிட நல்லது, ஒரே குத்தில் போதுமான ரத்தம் வரும். நிறைய ரத்தம் தேவையென்றால், கை பழகியவர் ரத்தநாளத்திலிருந்தே எடுப்பது குதிகாலைவிட வலி குறைவு. குதிகாலில் மரக்கும் க்ரீம் தடவிப் பயனில்லை. பிளாஸ்டரைப் பிய்ப்பதும் ஒரு வலிதான். 30 வாரத் தோல் அதோடு சேர்ந்தே வரும். நனைத்து, தோலை ஒட்டியபடியே மெல்ல உருட்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல வலி நிவாரணம், குத்தாமலே இருப்பது. "இந்த டெஸ்ட் இன்றைக்கு அவசியமா, சாயங்காலம் எடுக்கப்போகும் ரத்தத்தோடு சேர்த்துக்கொள்ளலாமா" என்று ரவுண்ட்ஸில் ஒருவர் கேட்டால் பல குத்துகள் குறையும். அதை நர்ஸ் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டாலும் தப்பில்லை.

எப்படிக் கேட்பது என்பது உங்கள் அடுத்த கவலையாக இருக்கும். மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே சின்னக் குழந்தை வார்டுகளில் குடும்பத்தினரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம், அது இருக்கிறது என்ற தைரியம் போதும். கண் டாக்டர் குழு பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் வரும், ஒரே காலையில் பல குழந்தைகளைப் பார்க்கும். அந்த அவசரத்தில் போய்க் கேட்டால் யாருக்கும் காது கேட்காது. முதல் நாளே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள்: "சிஸ்டர், நாளைக்குக் கண் பார்க்கும்போது நானோ என் மனைவியோ பாப்பாவின் காலைப் பிடித்துக்கொள்ளலாமா? மரக்கிற சொட்டும் ஸ்வீட் சொல்யூஷனும் கொடுப்பீங்களா? எத்தனை மணிக்குப் பால் கொடுக்கட்டும்?" இந்த மூன்றும் போதும். பணிவாகக் கேட்கிற அப்பாவை மறுக்கிற சிஸ்டர்கள் குறைவு. இடமில்லை, கூட்டம் என்று சொல்லிவிட்டால், பிடித்துக்கொள்ள இரண்டாவது நர்ஸ் ஒருவர் இருப்பாரா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் இருவரில் யாருக்குக் கண்ணில் கருவி வைப்பதைப் பார்த்தால் தலை சுற்றுமோ அவர் வெளியே இருக்கட்டும். முடிந்த பிறகு மார்பில் போட்டுக்கொள்ள ஆள் வேண்டுமே.

முடிந்த பிறகு விரிந்த கண்மணி பல மணி நேரம் அப்படியேதான் இருக்கும். விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு மேல் வெளிச்சம் விழாமல் இன்குபேட்டரின் மேல் துணி போடலாம். அடுத்த ஓரிரு நாளில் மூச்சு நிற்பதும் துடிப்பு குறைவதும் வழக்கத்தைவிட அதிகமாகலாம். பால் செரிக்காமல் வயிறு உப்புவதும் உண்டு. அதனால் அன்றைக்கே தடுப்பூசி, ரத்தம், எடை, குளியல் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைக்காமல் குழந்தையைத் தூங்கவிடச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் அடுத்த பரிசோதனைக்கு வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், முடிந்த கையோடு கிளம்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே மார்பில் அணைத்து உட்கார்ந்து, குழந்தை பால் குடித்த பிறகு புறப்படுங்கள். வழியில் உதடு நீலமானாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ அருகிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

ஒரு தடவையோடு இது முடியாது. விழித்திரை முழுசாக வளரும் வரைக்கும் ஒன்று, இரண்டு வார இடைவெளியில் வரச் சொல்வார்கள். தேதியைப் பரிசோதனை முடிந்த அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை லேசரோ கண்ணுக்குள் ஊசியோ வேண்டும் என்று சொன்னால் அது வேறு அளவு வலி, அதற்கு இனிப்பு நீரும் கைப்பிடியும் போதாது. வலி தெரியாமலிருக்க என்ன கொடுப்பீர்கள், மூச்சைக் கவனிக்க அனஸ்தீசியா டாக்டரோ பச்சிளங்குழந்தை டாக்டரோ கூட இருப்பாரா என்று அங்கே நேராகக் கேளுங்கள். ஆனால் ஒப்புதல் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள், முடிவான பின் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டிய சிகிச்சை அது.